மெஷின்ல வெட்டாத முழு பால் பிரெட்: பாம்பே டோஸ்ட்டுக்கு இதத்தான் வாங்கணும்

போன ரெண்டு மாசமா எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை காலைல இட்லி தோசை கிடையாது, பாம்பே டோஸ்ட் தான். பாப்பா அத ஃப்ரெஞ்ச் டோஸ்ட்னு சொல்லுவா, ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அப்படித்தான் சொல்றாங்களாம், எனக்கு எங்கம்மா சொல்லிக் குடுத்த பேரு பாம்பே டோஸ்ட். கேரளாவுலயும் இதே பேரு தான், ஸ்ரீலங்காவுலயும் இதே பேரு தான். பேரு எதுவா இருந்தாலும் முட்டையையும் பாலையும் அடிச்சு அதுல பிரெட்ட நனைச்சு கல்லுல போட்டு எடுக்கறது, அவ்ளோ தான் விஷயம். ஆனா அந்த அவ்ளோ தான்ல எனக்கு ரொம்ப நாளா ஒன்னு சரியா வரவே இல்ல. வெளிய பொன்னிறமா இருக்கும், நடுவுல வெட்டுனா கொழகொழன்னு பச்சை முட்டை. இல்லன்னா முட்டைல முக்கி எடுக்கறதுக்குள்ளயே பாதி பிரெட் தட்டுல கரைஞ்சு நிக்கும். பாலை மாத்திப் பாத்தேன், முட்டைய கூட்டிப் பாத்தேன், கல்ல மாத்திப் பாத்தேன், கடைசில பிரெட்ட மாத்துனதுக்கு அப்புறம் தான் எல்லாமே சரியாச்சு. அதனால இது அந்த பிரெட்டுக்கான ரிவ்யூ. பேக்கரில ஓவன்ல இருந்து வந்து மெஷின்ல ஸ்லைஸ் போடறதுக்கு முன்னாடி முழுசா இருக்கற பால் பிரெட்.

கடை பேரு போடல. நான் வாங்கறது கோயம்புத்தூர்ல எங்க வீதி முக்குல இருக்கற சின்ன பேக்கரி, இந்த ஊர்ல நாலு தெரு தாண்டுனா ஒரு டீக்கடை பேக்கரி இருக்கும், அதுல பாதி கடைல பின்னாடியே ஓவன் வெச்சு பிரெட் போடறாங்க. உங்க ஊர்லயும் அப்படி ஒன்னு கண்டிப்பா இருக்கும், அங்க போயி கேளுங்க.

முதல்ல நான் எதெதெல்லாம் வாங்கி ஏமாந்தேன்னு சொல்லிடறேன், ஏன்னா அது தெரிஞ்சா தான் இது ஏன் நல்லா இருக்குன்னு புரியும்.

சூப்பர்மார்க்கெட்ல கிடைக்கற பாக்கெட் பிரெட், ஏற்கனவே வெட்டி வர்றது. எல்லாரு வீட்லயும் இருக்கறது இது தான், நானும் வருசக்கணக்கா இதுல தான் செஞ்சேன். ஸ்கேல் வெச்சு அளந்து பாத்தேன், ஒரு ஸ்லைஸ் 12 மில்லிமீட்டர் தான் தடிமன் இருக்கு. சாண்ட்விச்சுக்கு அது சரியான அளவு தான், ஆனா பாம்பே டோஸ்ட்டுக்கு அது பத்தவே பத்தாது. அந்த மெல்லிசுல ரெண்டு பக்கமும் முட்டைப்பால் ஏறுனா நடுவுல தாங்கி நிக்கறதுக்கு பிரெட்னு எதுவும் மிச்சம் இருக்காது, தூக்கும்போதே நடுவுல பிச்சுக்கிட்டு விழுந்துரும். பிஞ்சிடுமோன்னு பயந்து டக்குனு முக்கி டக்குனு எடுத்தா வெளிய மட்டும் ஆம்லெட் ஒட்டுன மாதிரி இருக்கும், உள்ள வெறும் பிரெட். ஒன்னு கரையும், இல்ல காயும், நடுவாந்தரமே கிடையாது. ரொம்ப மெத்துமெத்துனு இருக்கணும்னே அந்த பிரெட்ட செய்யறாங்க, அது அதோட வேலை, குறை சொல்ல ஒன்னும் இல்ல, நான் தான் தப்பான வேலைக்கு அத எடுத்துட்டு வந்தேன்.

அப்புறம் பிரவுன் பிரெட். பாப்பாவுக்கு கொஞ்சம் சத்தா குடுக்கலாம்னு வாங்குனேன். பாக்கெட்டுக்கு பின்னாடி என்ன போட்ருக்குன்னு படிச்சுப் பாருங்க, நம்ம ஊர் ரூல்படி எது அதிகமோ அது தான் லிஸ்ட்ல முதல்ல வரணும். நான் வாங்குனதுல முதல் பேரே மைதா தான், கோதுமை மாவு அதுக்கு அப்புறம் தான், கடைசில கேரமல் கலர் 150னு ஒரு நம்பர். அந்த பிரவுன்ல பாதி கலர்ல இருந்து வந்தது. எல்லா பிரவுன் பிரெட்டும் இப்படின்னு சொல்ல மாட்டேன், முழு கோதுமைல நிஜமாவே செய்யறவங்க இருக்காங்க, ஆனா அது பாம்பே டோஸ்ட்ல கொஞ்சம் உதிரியா போகுது, முட்டைப்பால இழுத்துக்கற தன்மை மைதா பிரெட் அளவுக்கு இல்ல. சத்துக்குன்னு நினைச்சா பக்கத்துல ஒரு பழம் வெச்சு குடுத்துக்கலாம்.

அடுத்து ப்ரியோஷ். வெளிநாட்டு வீடியோல எல்லாரும் இதுல தான் செய்யறாங்க. மாவுலயே நிறைய வெண்ணெயும் முட்டையும் போட்டு பிசையற பிரெட் இது, கேக்குக்கும் பிரெட்டுக்கும் நடுவுல இருக்கும். ஆன்லைன்ல ஒரு இடத்துல 340 ரூபா குடுத்து ஆர்டர் போட்டேன், வந்ததப் பாத்தா அடிப்பக்கம் பச்சையா பூஞ்சை. பூஞ்சை புடிச்ச இடத்த மட்டும் வெட்டி எறிஞ்சுட்டு மீதிய சாப்பிடலாம்னு சிலர் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, பிரெட் மாதிரி பஞ்சு பஞ்சா இருக்கற பொருள்ல கண்ணுக்கு தெரியாம உள்ள வரைக்கும் வேர் ஓடியிருக்கும், முழுசா தூக்கிப் போடணும். பணம் திரும்ப வர நாலு நாள் ஆச்சு, அதுக்கு அஞ்சாறு ஃபோட்டோ அனுப்பி மூணு தடவ பேச வேண்டியதா போச்சு, அந்த ஞாயித்துக்கிழமை வீட்ல உப்புமா. அப்புறம் ஊர்லயே ஒரு கேக் கடைல ப்ரியோஷ் கிடைச்சுது, அது நல்ல சரக்கு, வாசனையே தூக்குச்சு. ஆனா ஒன்னு, அதுல ஏற்கனவே சர்க்கரை, வெண்ணெய், முட்டை எல்லாம் இருக்கறதால கல்லுல போட்ட ஒரு நிமிசத்துல கருக்க ஆரம்பிச்சுடுது, உள்ள வேகற வரைக்கும் காத்திருக்க முடியல. விலையும் நம்ம பிரெட் மாதிரி அஞ்சு மடங்கு. பொறந்தநாளுக்கு செய்யலாம், வாராவாரம் முடியாது.

சோர் டோ, அதாவது புளிச்ச மாவுல போடற பிரெட், அதயும் ஒரு தடவ ட்ரை பண்ணேன், ஓட்டை ஓட்டையா இருக்கறதுல முட்டைப்பால் ஒழுகி கல்லுல தனியா ஆம்லெட் ஆச்சு, புளிப்பும் இதுக்கு சேரல. விட்டுட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் சாயந்தரம் நாலு மணிக்கு பப்ஸ் வாங்கப் போனப்ப மாஸ்டர் உள்ள இருந்து ட்ரேயோட பிரெட்ட எடுத்துட்டு வந்து வெச்சாரு, ஆவி பறந்துட்டு இருந்துச்சு. கவுண்டர்ல இருக்கற அண்ணன் கிட்ட அண்ணா, இதுல ஒன்ன கட் பண்ணாம அப்படியே குடுங்கன்னேன். ஏனுங்க்கா, மெஷின்ல போட்டா ஒரு நிமிசம் தானுங்க, கட் பண்ணியே குடுத்தர்றேனுங்கன்னாரு. இல்லீங்ணா எனக்கு தடியா வெட்டணும்னு சொன்னதுக்கு சிரிச்சுட்டே எடுத்துக் குடுத்தாரு, 60 ரூபா. வீட்ல வந்து எடை போட்டேன், 420 கிராம். பாலும் கொஞ்சம் சர்க்கரையும் சேத்து பிசைஞ்ச மாவு, மேல மட்டும் பழுப்பா பளபளன்னு, உள்ள நெருக்கமா சின்ன சின்ன கண்ணா இருக்கு. அந்த சின்ன கண்ணு தான் முக்கியம், பஞ்சு மாதிரி பால இழுத்து உள்ளயே வெச்சுக்குது, ஒழுக விடறதில்ல.

ஆனா அன்னிக்கே செஞ்சு பாத்தீங்கன்னா நான் சொல்றது பொய்னு நினைப்பீங்க. சூடா வந்த பிரெட்ட வெட்டவே முடியாது, கத்தி பட்டாலே அமுங்கி களி மாதிரி ஒட்டிக்கும். சாயந்தரம் வாங்குனா அடுத்த நாள் காலைலயும் வேண்டாம், அதுக்கும் அடுத்த நாள் தான் சரி. அதனால நான் வெள்ளிக்கிழமை சாயந்தரம் வாங்கி சனிக்கிழமை ராத்திரி வெட்டி வெச்சு ஞாயித்துக்கிழமை காலைல செய்யறேன். ஃப்ரெஞ்சுக்காரங்க இந்த டோஸ்ட்டுக்கு வெச்ச பேருக்கு அர்த்தமே வீணாப்போன ரொட்டின்னு தான், பான் பெர்டூன்னு சொல்லுவாங்க. காஞ்சு போயி இனி யாரும் சாப்பிட மாட்டாங்கங்கற ரொட்டிய பாலும் முட்டையும் போட்டு காப்பாத்தறதுக்குன்னு வந்த பண்டம் இது. ஜெர்மனில இதுக்கு ஏழை வீரர்கள்னு பேரு, ஸ்பெயின்ல ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாள்கள்ல தோரிஹாஸ்னு செய்யறாங்க. எல்லா ஊர்லயும் பழைய ரொட்டிய வெச்சு தான் ஆரம்பிச்சிருக்காங்க, நம்ம தான் கடைல இருந்து புது பாக்கெட் வாங்கிட்டு வந்து பிரிச்ச உடனே முக்கறோம், அப்புறம் கரையாம என்ன பண்ணும். பழைய சோத்த தண்ணி ஊத்தி வெச்சு அடுத்த நாள் அமிர்தமா குடிக்கற நமக்கு இது புதுசா சொல்லித் தரணுமான்னு எங்க அத்தை கேட்டாங்க, நியாயமான கேள்வி.

பழசாகட்டும்னு ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்காதீங்க. நான் வெச்சு பாத்துட்டேன். பிரெட் இறுகறது தண்ணி வத்தறதால மட்டும் இல்ல, வெந்த மாவுல இருக்கற ஸ்டார்ச் திரும்பவும் கெட்டியாகறதால, அது ஃப்ரிட்ஜ் குளிர்ல தான் ரொம்ப வேகமா நடக்கும். வெளிய ரப்பர் மாதிரி இறுகிப் போயிடுது ஆனா ஈரம் உள்ளயே இருக்கு, நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர், ஈரம் போயிருக்கணும். வெட்டி ஒரு கம்பி வலை மேல வெச்சு துணி மூடி ராத்திரி விட்டுடுங்க. அவசரத்துக்குன்னா வெறும் கல்லுல எண்ணெய் இல்லாம சிம்ல ரெண்டு பக்கமும் ஒரு நிமிசம் காட்டி ஆற வெச்சுட்டு முக்குங்க, அதுவும் வேலை செய்யுது.

வெட்டறதுக்கு காய் நறுக்கற கத்தி சுத்தமா ஆகாது, பல்லு வெச்ச பிரெட் கத்தி வேணும். எங்க வீட்ல பாத்திரக் கடைல 150 ரூபாய்க்கு வாங்குனது, நல்லா தான் இருக்கு. பிரெட்ட நிக்க வெச்சு மேல இருந்து அழுத்துனா மேல் பக்கம் சப்பையாகும், அதனால படுக்க வெச்சு ரம்பம் இழுக்கற மாதிரி இழுக்கணும், அழுத்தவே கூடாது. ஒரு விரல் தடிமன், அதாவது 2 செண்டிமீட்டர். எனக்கு ஒரு பிரெட்ல எட்டு ஒம்போது துண்டு வருது, ரெண்டு முனையும் மிக்சில அடிச்சு கட்லெட்டுக்கு தூளா வெச்சுக்குவேன்.

முட்டைப்பால் பத்தி ரொம்ப நீட்டல, ஆனா அளவு மட்டும் சொல்லிடறேன் ஏன்னா யாரு கேட்டாலும் கண்ணளவுன்னு தான் சொல்றாங்க, புதுசா செய்யறவங்களுக்கு அது உதவாது. ஆறு துண்டுக்கு மூணு முட்டை, 200 மில்லி பால், ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. உப்ப விட்றாதீங்க, உப்பு இல்லன்னா வெறும் இனிப்பா மொத்தையா இருக்கும். பால் காய்ச்சி நல்லா ஆறுனதா இருக்கணும், சூடா ஊத்துனா முட்டை திரிஞ்சு போகும். ஆவின்ல ஆரஞ்சு பாக்கெட் ஃபுல் க்ரீம், 6 சதவீதம் கொழுப்பு, அதுல செஞ்சா நல்லா க்ரீமா வருது, நீலத்துல 3 சதவீதம் தான், அதுலயும் செய்யலாம், பெரிய குறை தெரியாது. முட்டைய மட்டும் முதல்ல சர்க்கரை உப்போட நல்லா அடிச்சுட்டு அப்புறம் பால் ஊத்துங்க, இல்லன்னா வெள்ளைக்கரு நூல் நூலா தனியா நின்னு பிரெட் மேல வெள்ளைத் திட்டா வெந்து கிடக்கும், பாப்பா அத பாத்தாலே ஒதுக்கிடுவா. டீ வடிகட்டில ஒரு தடவ வடிச்சா இன்னும் உத்தமம். வாசனைக்கு பட்டைத் தூள் போடறவங்க அத சர்க்கரையோட கலந்துட்டு போடுங்க, நேரா பால்ல போட்டா மேலயே மிதந்து முதல் துண்டுலயே மொத்தமும் ஒட்டிக்கும், மத்த துண்டுக்கு ஒன்னும் இருக்காது. நான் பட்டைய விட ஏலக்காய் தான் போடறேன், முட்டை வாடைய அது நல்லா அமுக்குது.

முக்கறது ரெண்டு நாள் பழைய தடி துண்டுன்னா ஒரு பக்கத்துக்கு அரை நிமிசம். நான் தட்டையான எவர்சில்வர் தட்டுல ஊத்தி ரெண்டு ரெண்டா படுக்க வெச்சு மனசுக்குள்ள முப்பது எண்ணிட்டு திருப்பிப் போடுவேன். இந்த பிரெட்டோட அருமை தெரியறது இங்க தான், ஒரு நிமிசம் ஊறுனதுக்கு அப்புறமும் ஒரு முனைய புடிச்சு தூக்குனா முழுசா வருது, வளையுது, ஆனா பியல. முதல் தடவ அப்படி தூக்குனப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம், வீட்டுக்காரர கூப்பிட்டு காட்டுனேன்.

கல்லு பத்தி ஒரு வார்த்தை. எங்க வீட்ல தோசைக்கல்லுல முட்டை போட அத்தை விட மாட்டாங்க, ஆம்லெட் போட்ட கல்லுல அடுத்த நாள் தோசை ஒட்டும், வாடையும் அடிக்கும், அது அனுபவத்துல நானும் பாத்தது தான். அதனால முட்டைக்குன்னு தனியா ஒரு சின்ன இரும்புக்கல் வெச்சிருக்கோம், நல்லா பழகுன கல்லு, அதுல தான் செய்யறேன். நான் ஸ்டிக்ல செஞ்சாலும் வரும், ஆனா இரும்புக்கல்லு சூட்ட புடிச்சு வெச்சுக்கறதால ஈரமான பிரெட்ட போட்டதும் டக்குனு ஆறிப்போகாது, நிறம் ஒரே மாதிரி வருது. வெண்ணெய் மட்டும் போட்டா சீக்கிரமே கருகிடும், வெண்ணெய்ல இருக்கற பால் கசடு தான் கருகறது, அத உருக்கி வடிச்சது தான நெய், அதனால நெய்ல செஞ்சு இறக்கறதுக்கு முன்னாடி வாசனைக்கு ஒரு துளி வெண்ணெய் வெச்சா ரெண்டும் கிடைச்சுது. தீ சிம்முக்கும் மீடியத்துக்கும் நடுவுல. வெறும் முட்டை 65, 70 டிகிரிலயே கெட்டியாயிடும், ஆனா பால் கலந்த முட்டை செட்டாக 80 டிகிரி கிட்ட போகணும். நம்ம துண்டோ தடியா இருக்கு, சூடு நடு வரைக்கும் போக நேரம் வேணும், பெருந்தீல வெச்சா வெளிய கருகும் உள்ள கொழகொழன்னு நிக்கும். நான் இத்தன வருசம் பண்ண தப்பு பாதி இது தான். ஒரு பக்கம் மூணு நிமிசம், திருப்பிப் போட்டு மூணு நிமிசம், திருப்புனதுக்கு அப்புறம் ஒரு நிமிசம் மட்டும் மூடி வெச்சு எடுங்க. நடுவுல விரல் வெச்சு லேசா அழுத்துனா அமுங்கி திரும்ப மேல வரணும், அமுங்குன இடம் அப்படியே நின்னாலோ ஓரத்துல பால் கசிஞ்சாலோ இன்னும் வேகல. சின்ன குழந்தைங்களுக்கு குடுக்கறோம், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், இதுல மட்டும் அவசரப்படாதீங்க.

மேல ஓரம் மொறுமொறுன்னு வேணும்னா கடைசி அரை நிமிசத்துல ஒரு சிட்டிகை சர்க்கரைய துண்டு மேல தூவி அந்த பக்கத்த கல்லுல திருப்பிப் போடுங்க, பாகு புடிச்சு கண்ணாடி மாதிரி ஒரு படலம் வரும். முட்டைப்பால்ல சர்க்கரைய அள்ளிப் போட்டா இது கிடைக்காது, கருகல் தான் கிடைக்கும்.

போன மாசம் ஊர்ல ஒரு கஃபேல ஃப்ரெஞ்ச் டோஸ்ட் சாப்பிட்டோம், ரெண்டு துண்டு 290 ரூபா. மேல ஐஸ்க்ரீம், சாக்லேட் சாஸ், ஸ்ட்ராபெரி, பாக்கறதுக்கு பிரமாதம். எல்லாத்தையும் ஒதுக்கிட்டு பிரெட்ட மட்டும் வாயில வெச்சா நடுவுல ஈரம், அதுவும் ஜில்லுனு. பாப்பா ஐஸ்க்ரீம மட்டும் சாப்பிட்டுட்டு அம்மா நம்ம வீட்டுது தான் நல்லா இருக்குன்னா. 290 ரூபாய்க்கு எனக்கு நாலு பிரெட் வந்து மீதி காசும் இருக்கும், அந்த பிரெட்டுக்கு நான் குடுக்கற மரியாதை கூடிப் போச்சு.

இன்னொரு விஷயம், எங்க வீட்ல புரட்டாசி மாசம் முழுக்க முட்டை கிடையாது, மத்த மாசத்துலயும் அத்தை முட்டை தொட மாட்டாங்க. அவங்களுக்கும் இந்த பிரெட்ல செஞ்சு குடுக்கணும்னு தான் கஸ்டர்ட் பவுடர் வெச்சு செஞ்சேன். 200 மில்லி ஆறுன பால்ல ரெண்டு டேபிள்ஸ்பூன் கஸ்டர்ட் பவுடர், ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை, உப்பு, ஏலக்காய், கட்டி இல்லாம கலக்கி முக்கி எடுத்தா போதும், அடில மாவு தங்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தடவ கலக்கி விடணும். நிறமும் மஞ்சளா அழகா வருது. கஸ்டர்ட் பவுடரே முட்டை ஒத்துக்காத ஒருத்தருக்காக வந்தது தான், 1837ல இங்கிலாந்துல ஆல்ஃபிரட் பேர்டுன்னு ஒருத்தர், அவரு சம்சாரத்துக்கு முட்டை அலர்ஜி, அவங்களும் கஸ்டர்ட் சாப்பிடணும்னு சோளமாவுல செஞ்சிருக்காரு. அத்தை கிட்ட இத சொன்னேன், அந்த காலத்துலயே பொண்டாட்டிக்காக செஞ்சிருக்கான் பாருன்னு மாமாவ ஒரு பார்வை பாத்தாங்க. பழைய ரோமானியருங்க எழுதி வெச்ச குறிப்புலயும் ரொட்டிய பால்ல நனைச்சு எண்ணெய்ல பொரிச்சு தேன் ஊத்தி சாப்பிடுங்கன்னு இருக்கு, முட்டையே அதுல இல்ல, அதனால முட்டை இல்லாத இந்த டோஸ்ட்ட போலின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒன்னு மட்டும், முட்டை இல்லாததுல உள்ள புட்டிங் மாதிரி மெத்துனு வராது, வெளிய மட்டும் மொறுமொறுன்னு வரும். அதுக்கு தேன விட பழனி பஞ்சாமிர்தம் ஒரு ஸ்பூன் மேல வெச்சா அப்படி பொருந்துது, அத்தை கண்டுபுடிச்சது. முட்டை போட்டதுக்கு நாங்க பஞ்சாமிர்தம் வைக்க மாட்டோம், அதுக்கு நேந்திரம்பழத்த வட்டமா வெட்டி அதே நெய்ல வாட்டி நாட்டுச்சர்க்கரை தூவிக்குவோம்.

காரமா சாப்பிடறவங்களுக்கு, சர்க்கரைய விட்டுட்டு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி பொடியா நறுக்கி மிளகுத்தூள் போட்டு செய்யலாம், எங்க வீட்டுக்காரருக்கு அது தான் புடிக்கும். ஆனா அதுக்கு பால் பிரெட் வேண்டாம், அந்த இனிப்பு காரத்தோட சண்டை போடுது, அதே பேக்கரில உப்பு பிரெட் முழுசா கேட்டு வாங்குங்க. ரோட்டுக்கடை பிரெட் ஆம்லெட்டும் இதுவும் ஒன்னு இல்ல, அதுல பால் கிடையாது, ஊற விடறதும் கிடையாது, அது வேற ருசி, அதுக்கு பாக்கெட் பிரெட்டே சூப்பர்.

இந்த பேக்கரி பிரெட்ல குறையே இல்லையான்னா இருக்கு. பாக்கெட்ல தேதி எதுவும் போடறதில்ல, இன்னிக்கு போட்டதா நேத்து போட்டதான்னு கேட்டு தான் தெரிஞ்சுக்கணும், என்னென்ன சேத்திருக்குன்னும் எழுதறதில்ல. பிரெட் நல்லா உப்பி வர்றதுக்கு மாவுல போட்டுட்டு இருந்த பொட்டாசியம் புரோமேட்ட 2016ல போடக்கூடாதுன்னு தடை பண்ணதுக்கு அப்புறம் நான் எப்பவும் இத கேட்டுடறது, எங்க கடைல மாஸ்டரே வெளிய வந்து மாவு மூட்டைய காட்டி பால், சர்க்கரை, உப்பு, ஈஸ்ட், வெண்ணெய் தவிர எதுவும் போடறதில்லீங்கன்னு சொன்னாரு, எல்லா கடைலயும் அப்படி சொல்லுவாங்கன்னு இல்ல. பாக்கெட் பிரெட்ல கெடாம இருக்க 282ன்னு ஒன்னு சேக்கறாங்க, அதனால அது அஞ்சாறு நாள் தாங்கும், இது மூணு நாள் தாண்டுனா எங்க ஊரு வெயில்லயே வாடை வந்துருது, மழைக்காலத்துல இன்னும் சீக்கிரம். எனக்கு ரொம்ப கோவம் வர்றது ஒன்னுல தான், ஓவன்ல இருந்து வந்த சூட்டோட பிளாஸ்டிக் கவர்ல போட்டு முடிச்சு போட்டு குடுக்கறாங்க, உள்ள வேர்த்து தண்ணி கோத்து மேல் தோல் ஊறிப் போயிடுது, பூஞ்சை புடிக்கறதுக்கும் அது தான் காரணம். ரெண்டு தடவ அப்படி ஆச்சு. இப்பல்லாம் துணிப்பை கொண்டு போயி கவர் வேண்டாம்ணான்னு சொல்லி வாங்கறேன். அளவும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு வாரம் 420 கிராம், ஒரு வாரம் 390, விலை மட்டும் அதே 60. ஒரு தடவ உப்பு சுத்தமா இல்ல, சொன்னேன், அடுத்த வாரம் சரியா இருந்துச்சு, அப்படி சொன்னா கேட்டுக்கறது எனக்கு புடிச்சிருக்கு.

இவ்ளோ குறைய சொல்லியும் அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், அந்த அரை மார்க்க தேதி போடாததுக்கும் பிளாஸ்டிக் கவருக்கும் புடிச்சுக்கிட்டேன். வீட்ல பாம்பே டோஸ்ட் ஒழுங்கா வரமாட்டேங்குதுன்னு நினைக்கறவங்க புது பேன், மேப்பிள் சிரப், வெனிலா எசன்ஸ்னு காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாரம் இந்த முழு பிரெட்ட வாங்கி ரெண்டு நாள் காயப் போட்டு செஞ்சு பாருங்க.

எங்க கடைல சாயந்தரம் நாலு மணிக்கு வருது, அஞ்சரைக்கு எல்லாத்தையும் மெஷின்ல போட்டு ஸ்லைஸ் பண்ணிடறாங்க. வெள்ளிக்கிழமை மதியமே ஃபோன் பண்ணி ஒன்ன எடுத்து வைக்கச் சொல்லிடுவேன், இப்ப என்னால எதிர் வீட்டு அக்காவும் ஒன்னு சொல்லி வைக்கறாங்க, அதனால கவுண்டர் அண்ணன் வாரம் ரெண்டு பிரெட்ட தனியா துணி மூடி உள்ளயே வெச்சிடறாரு.